மறைவு: விரைவில்

சிலமலை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

தேவாரத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சின்னச்சாமி அவர்களுக்கு, சிலமலை கன்னையன் கும்பிட்டு எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் வருகிற வார்த்தைதானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நான் சாகவில்லை, சாகப் போவதாக எந்த டாக்டரும் சொல்லவும் இல்லை. அங்கே தாங்களும் தங்கச்சி பாண்டீஸ்வரியும் மாப்பிள்ளை சுருளிவேலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் வாழைத் தோட்டத்தில் யானை இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எவ்வளவு சேதம் என்று போனில் விசாரிக்கலாம் என்றால் எனக்குத் தைரியம் வரவில்லை. போன தடவை யானையைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தபோதுதான் அந்த இருமல் வந்தது, நீங்களும் "பேசாதீங்க, பேசாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அது நோய் இருமல் இல்லை சம்பந்தி, மிளகாய் இருமல். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி மொக்கம்மாள் அடுப்படியில் வரமிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற வட்டத்தில் அந்தப் படமே இருக்கிறது. படம் எடுத்த பையன் கிங்ஸ்லி வைத்துவிட்டுப் போனது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை, என் மகள் கோபத்தில் எடுத்துத் தர மாட்டேன் என்கிறாள். ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன்.

சம்பந்தி என்று எழுதிக்கொண்டே போகிறேன், நீங்கள் இன்னும் அப்படி நினைக்கிறீர்களா என்று தெரியவில்லை. பங்குனியில் நீங்கள் எல்லாரும் பெண் பார்க்க வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பிள்ளைகள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துச் சரி என்று சொல்லி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லாருக்கீங்களா மாமா" என்று கேட்டாரே, அப்போது அவர் வாயிலிருந்து கம்மென்று ஏலக்காய் மணந்தது. போடியில் ஏலக்காய்க் கடையில் காலம் பூராவும் காய் தரம் பிரிக்கிறவன் நான். லோடு வண்டி ஓட்டுகிற பையன், டீசல் நாற்றம் அடிக்காமல் ஏலக்காய் மணக்கிறாரே, இது நம் தொழிலுக்கென்றே அமைந்த இடம் என்று மொக்கம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அப்படி இருக்கும்போது போன வாரம் தங்கச்சி ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து, நான் காலை நீட்டிப் படுத்திருப்பேன் என்று நினைத்து மெதுவாகக் கதவைத் திறந்து, நான் ஏணியில் நின்று கூரை ஓடு மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாந்து போய், இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டு, "ஆவணி வேணாம்ண்ணே, தையில பாப்போம். அதுக்குள்ள ஒங்களுக்கு எப்படியின்னு தெரிஞ்சிரும்ல" என்று சொல்லிவிட்டுப் போனது. தையில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் பானுப்பிரியா மருந்துக்கடை வேலை முடிந்து வரும்போது, ஆவணிக்கென்று தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகளை டெய்லரிடம் வாங்கிக்கொண்டு வந்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பிள்ளை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை சம்பந்தி. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஷீலா என்று ஒரு பெண். போடியில் பலசரக்கு மொத்த வியாபாரம் பண்ணுகிற குடும்பத்துப் பிள்ளை, மதுரையில் பெரிய படிப்புப் படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறது. கிராமத்துப் பையன்கள் மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பீடி சிகரெட் பழகிவிடுகிறார்கள், அவர்களை மீடியா மூலமாகச் சென்றடைந்து அதை நிறுத்த வேண்டும் என்பது அதனுடைய சோலி. சென்றடைவது என்கிற வார்த்தையை அது மூச்சுக்கு ஒரு தடவை சொல்லும். அதற்கு எதற்கு மீடியா, சாயங்காலம் ஆனால் அத்தனை பேரும் கண்மாய்க் கரையில்தானே உட்கார்ந்திருக்கிறான்கள், நேரே போய்ச் சென்றடைய வேண்டியதுதானே என்று கேட்டேன். அப்படி இல்லையாம். முதலில் அவர்களுக்கு எந்த விளம்பரம் பிடிக்கிறது என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் முதலாளி இந்த மாதிரி நல்ல காரியம் என்றால் கையை நீட்டிவிடுவார். கூட்டத்துக்கு வருகிற பையன்களுக்குச் சமோசாவும் டீயும் தன் செலவு என்று ஏற்றுக்கொண்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நான் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். தட்டை ஏந்திக்கொண்டு போனவன் விளம்பரத்தில் ஏறிவிட்டேன்.

கூட்டத்தைச் சொல்கிறேன். ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் படிக்கிற பையன்கள் சமோசா வாசனைக்குக் கூடம் நிறைய வந்துவிட்டான்கள். ஷீலா முதலில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டியது. கறுத்துப்போன நுரையீரல். நான் பயந்தே போனேன். பையன்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடுக்கிற ஈரல் இதைவிட மோசமாக இருக்கும் என்றார்கள். இரண்டாவது, தொண்டையில் ஓட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர். இவர் எந்த ஊர் என்று ஒருத்தன் கேட்டான். மூன்றாவது ஒரு வீடியோ. அதில் சிகரெட் பிடிக்கிற பையன் கடைசியில் செத்துப்போகிறான், ஆனால் சாகிறவரைக்கும் அவன் போட்டிருந்த சட்டை நன்றாக இருந்ததாம், அந்தச் சட்டை தேனியில் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். ஷீலா பாவம், விடாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தது. சரி, சிகரெட் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் நாற்றம் தெரியாதா, அப்பா அம்மா கேட்க மாட்டார்களா என்று அது கேட்டதற்கு, பின்வரிசையில் இருந்த ஒருத்தன் சமோசாவை மென்றுகொண்டே, "ஏலக்காய வாயில போட்டு மென்னுட்டுப் போவோம்க்கா. போடிப் பக்கம் யாரு வாயில ஏலக்காய் மணக்கல? ஒருத்தருக்கும் சந்தேகம் வராது" என்றான். கேட்டீர்களா சம்பந்தி களவாணித்தனத்தை. கிலோ இவ்வளவு என்று ஏலம் போகிற காயை எதற்குப் பயன்படுத்துகிறான்கள் பாருங்கள். இப்படிப்பட்ட பையன்களைப் பெற்றவர்கள் வாயை மோந்து பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறார்களே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

கடைசியாக அதே பையன்தான், "தெரியாத ஆளு செத்தா நாங்க எதுக்குக்கா வருத்தப்படணும்? எங்க ஊரு ஆளா இருந்தா எட்டியாவது பாப்போம்" என்று சொல்லிவிட்டான். ஷீலாவுக்கு அது தேவவாக்கு மாதிரி ஆகிவிட்டது. உள்ளூர் முகம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தது. ஊரில் நிஜமாகவே பீடி குடித்து நெஞ்சு கெட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஒருத்தர்கூட முகத்தைக் காட்டச் சம்மதிக்கவில்லை. கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை வீட்டில் இருக்கிறது, நாளைக்கு ஒருத்தன் பெண் கேட்டு வருவானா என்றார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. காலித் தட்டோடு நின்ற என்னை ஷீலா மேலும் கீழும் பார்த்து, கன்னத்தில் குழி இருக்கிறது, கழுத்து எலும்பு தெரிகிறது, கண்ணும் உள்ளே போயிருக்கிறது, உங்கள் முகம் அப்படியே பொருந்துகிறது அண்ணே என்றது. என் வாழ்நாளில் என் முகத்தை யாரும் எதற்கும் பொருந்துகிறது என்று சொன்னதில்லை. அதோடு நான் யோசித்ததில் ஒரு நியாயமும் இருந்தது. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும் என்று எங்கள் கடையில் மூட்டை தைக்கிறவர்கூடப் பீடியைத் தொட மாட்டார், தொட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். காய் பொறுக்குகிறவன் பீடி குடிக்க மாட்டான் என்பது போடியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், ஆகவே இது சும்மா நடிப்பு என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, படத்துக்குக் கீழே பெயர் போடுவீர்களா என்று நானே கேட்டு, சி. கன்னையன், சிலமலை என்று இனிஷியலோடு ஊரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் படம் எடுக்க வந்தவன் கிங்ஸ்லி. போடியில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிற பையன், நல்ல பிள்ளை, ஆனால் கல்யாணத்தைத் தவிர வேறு எதையும் எடுத்துப் பழக்கமில்லை. ஷீலா ரொம்பக் கறார், படத்துக்காகக்கூட நிஜச் சிகரெட் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி அதற்குள் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து என் கையில் கொடுத்தார்கள். எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. பேனாவைப் பிடிப்பது போலப் பிடித்தேனாம், "அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க, இழுங்க" என்று கிங்ஸ்லி சொன்னான். இழுத்தேன். சந்தனப் புகை நேரே நெஞ்சுக்குள் போய், கண்ணில் தண்ணீர் கொட்டி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருமினேன் பாருங்கள், மொக்கம்மாள் உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அதையும் சேர்த்து எடுத்துவிட்டான். நீங்கள் போனில் பார்த்து, தங்கச்சி அழுததாகச் சொன்னீர்களே, அந்த இருமல் அதுதான். முழுக்க முழுக்க ஊதுபத்தி. கல்யாண வீடியோவுக்கு வைத்திருந்த சாப்ட்வேரிலேயே இதையும் வெட்டி ஒட்டினதால் நான் இருமி இருமிச் சாய்கிற இடத்தில் மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டுகிறது, கடைசியில் நானும் மொக்கம்மாளும் ஒரு இதயத்துக்குள் போய் மறைகிறோம். அதை எடுக்க முடியாதா தம்பி என்று கேட்டேன். அது தானாக வருகிறது அண்ணே என்றான்.

வீடியோவோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன், அதை யாரும் பார்க்கவே இல்லை. பிளக்சும் வைக்க வேண்டும் என்று முடிவு பண்ணினார்கள். புகையால் பிரிந்த உயிர்கள் போதும் என்பது வாசகம், மேலே என் படம். கிங்ஸ்லி அதை ஒரு பிளக்சு கடையில் கொடுத்துவிட்டு உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். பிளக்சு கடைக்காரரிடம் இருக்கிற மாதிரிகள் உங்களுக்கே தெரியும். காதுகுத்து, புதுமனை, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. ஒரு நடுத்தர வயது ஆள், பக்கத்தில் பிரிந்த உயிர் என்று எழுத்து, அவர் எதை எடுப்பார்? இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பறக்கிற புறா, என் தலையைச் சுற்றி ஒளிவட்டம், எல்லாம் போட்டுவிட்டார். தோற்றம் என்ற இடத்தில் என் பிறந்த வருஷத்தைப் போட்டவர், மறைவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் கிங்ஸ்லிக்குப் போன் பண்ணியிருக்கிறார். அங்கே மேளச் சத்தம். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வருகிற நேரம். எந்தத் தேதியைக் கேட்கிறார் என்றுகூடக் காதில் வாங்காமல், "அதெல்லாம் வெரசா வந்துரும்ண்ணே, நீங்க அடிங்க" என்று கிங்ஸ்லி சொல்லிவிட்டான். கடைக்காரர் ஆள் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது போல என்று நினைத்து, மறைவு: விரைவில் என்று அச்சடித்துவிட்டார். மனசாட்சி உள்ளவர், பொய்த் தேதி போடவில்லை.

அந்தப் பிளக்சைக் கொண்டுபோய் நிறுத்தின இடம்தான் இடம். போடியில் மலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்குமே, அங்கே. விடியும் முன்னால் நம் சனங்கள் தூக்குவாளியோடு வந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறுகிற இடம். அரை வெளிச்சத்தில் விரைவில் என்பதை யார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்? குத்துவிளக்கும் என் முகமும் போதாதா? ஜீப்பு போடிமெட்டு ஏறுவதற்குள் நான் செத்துவிட்டேன். பூப்பாறை போவதற்குள் எனக்கு என்ன நோய், எத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தேன் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. என் மச்சான், மொக்கம்மாளின் தம்பி சின்ராசு, அதற்கும் மேலே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறான். அங்கே போன் கிடைக்காது, நியூஸ் மட்டும் கிடைக்கும். அவன் முறை தவறாதவன், அடுத்த ஜீப்பைப் பிடித்து, சொந்தபந்தத்தை எல்லாம் அள்ளிப் போட்டு, வழியில் எனக்குக் கோடி வேட்டியும் மாலையும், அவன் அக்காவுக்குக் கோடிச் சேலையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டான்.

நான் உள்ளே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போல, சொல்லவே இல்லையே என்று தட்டோடு எழுந்து வெளியே வந்தேன். சின்ராசு மலையிலேயே கிடந்து மச்சானை மலையாளத்தில் அளியன் என்று சொல்லிப் பழகிவிட்டான். கையில் மாலையோடு என்னைப் பார்த்தவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். "அளியா, தோட்டத்துல சோலியப் போட்டுட்டு ஜீப்பு நெறைய ஆளக் கொண்டாந்துருக்கேன். நீ என்னடான்னா தோச திங்கிற" என்றான். கோடிச் சேலையைப் பார்த்த மொக்கம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தம்பியைத் தெரு முனை வரைக்கும் விரட்டினாள். வந்த பெண்கள் ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று, என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுப் பாடி முடித்தார்கள். என் குணத்தையும் கொடையையும் சொல்லிச் சொல்லி அவர்கள் அழுததைக் கேட்டு, இவ்வளவு நல்ல மனிதனா போய்விட்டான் என்று எனக்கே கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது அல்லவா? எனக்குக் கட்டவும் முடியாது, நான் உயிரோடு இருக்கிறேன். கடையில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கூடி நின்று பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள், யாருக்கு அஞ்சலி அடித்திருக்கிறதோ அந்த ஆளுக்கே போட்டுவிடுவது, அதாவது பிளக்சுக்கு. எல்லாரும் அதே ஜீப்பில் ஏறிப் போடிக்குப் போனோம். எந்தப் பிளக்சு என்று அடையாளம் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், உலகத்தில் அதற்குக்கூட அடையாளம் காட்ட வேண்டுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் படத்துக்கு மாலை போட்டு, வேட்டியைச் சுற்றி, சேலையையும் கம்பில் கட்டி, மிச்சம் இருந்த ஒப்பாரியையும் அங்கேயே தீர்த்தார்கள். ஆடிக் காற்று பிளக்சைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, அதனால் ஒரு பக்கக் கம்பை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் தங்கை வீட்டுக்காரர் உங்களுக்கு அனுப்பி வைத்தாரே, மாலை போட்ட என் படமும் சுற்றி அழுகிற சனமும், அந்தப் போட்டோ அப்போது எடுத்ததுதான். அதில் இடது ஓரத்தில் கம்பைப் பிடித்திருக்கிற ஒரு கை மட்டும் தெரிகிறது. அது என் கை. நன்றாகப் பெரிசு பண்ணிப் பாருங்கள், நம்ம கோயில் கயிறு கட்டியிருக்கும்.

பையன்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கிங்ஸ்லி எடுத்த வீடியோவைச் சீந்தாதவன்கள் இந்தக் கூத்தைப் போனில் எடுத்து, அதில் என் இருமலைக் கோத்து, ஊர் ஊருக்கு அனுப்பிவிட்டான்கள். இப்போது சின்னமனூர் வரைக்கும் எனக்குப் பெயர். பஸ்சில் ஏறினால் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறான்கள், கொடுத்துவிட்டு என்னைப் போலவே இருமிக் காட்டுகிறான்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, மறைவு விரைவில் என்கிறான்கள். ஷீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இவ்வளவு பேரை எந்த விளம்பரமும் சென்றடைந்ததில்லையாம். எத்தனை பேர் பீடியை விட்டான்கள் தாயி என்று கேட்டேன். அது அடுத்த கட்டம் அண்ணே என்றது. அடுத்த கட்டம் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லாமல், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையில் போய் நானே ஒதுங்கி நின்று பார்த்தேன். ஒரு பொடியன் வந்து, "அண்ணே, ஒரு கன்னையன் குடுங்க" என்றான். கடைக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி, எங்கள் அப்பா குலசாமியை நினைத்து வைத்த பெயர்.

இதெல்லாம் போதாதென்று கடையிலும் பிரச்சினை. சரக்கு எடுக்க வருகிற வெளியூர் வியாபாரி ஒருத்தர் பிளக்சைப் பார்த்துவிட்டு, பீடி குடித்துச் சாகக் கிடக்கிறவர் பிரித்த காய் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சட்டையை மோந்து பார்த்தார். படம் எடுத்த அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை, ஊதுபத்தி நாற்றம் துவைத்தும் போகவில்லை. அவருக்கு உண்மை தெரியும், சமோசா வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இருந்தாலும் கொஞ்ச நாள் வீட்டில் இரு கன்னையா, ஊர் வாய் அடங்கட்டும் என்றார். அதனால்தான் தங்கச்சி வந்தபோது நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். நோய் இல்லை.

வாய் வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று தேனிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படம் பிடித்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து எல்லாரையும் கூப்பிட்டு, போன்ல இருமுவாரே அவருதான் என்று காட்டினார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஆள்தான் எலும்பும் தோலுமாக இருக்கிறீர்கள், நெஞ்சு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எப்படி அப்படி நடித்தீர்கள் என்று கேட்டார். அந்த எக்ஸ்ரேயைச் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர் டாக்டரிடமும் காட்டிக்கொள்ளுங்கள், தங்கச்சியிடமும் காட்டுங்கள்.

சம்பந்தி, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் மகளை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வேறு காரணம் இருந்தால் நேரே சொல்லிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். நான் செத்துவிட்டேன் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். மணமேடையில் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க அப்பன் இருப்பானா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், இருப்பான், பேரன் பேத்திக்குக் காது குத்துகிறவரைக்கும் மடியில் வைத்துக்கொள்ள இருப்பான். ஆவணி முதல் முகூர்த்தத்தையே உறுதி பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பீரோவைத் திறக்கட்டும்.

யானை மிச்சம் வைத்த வாழை நல்ல விலைக்குப் போகட்டும். தங்கச்சிக்கு என் அன்பையும், ஹார்லிக்ஸ் தீர்ந்துவிட்டது, ருசியாக இருந்தது என்பதையும் சொல்லவும். ஏலக்காய் மணக்கும் என் மாப்பிள்ளைக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பூரண உடல்நலத்துடன்,
சி. கன்னையன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் எடுத்துக்கொண்டு எவ்வளவுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று கேட்கப் போடித் தபாலாபீசுக்குப் போனேன். வழியில் மாப்பிள்ளையின் லோடு வண்டி நின்றது. அதற்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றார், அவர் தோளுக்கு மேலே புகை போனது. காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு கையில் சிகரெட்டை மறைத்து, இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து ஏலக்காயை எடுத்து வாயில் போட்டார். பங்குனியில் கேசரி சாப்பிடும்போது மணந்த அதே மணம். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். புகை நேரே தொண்டைக்குள் போய்விட்டது. இருமினேன். இந்தத் தடவை நடிப்பு இல்லை, மிளகாயும் இல்லை, ஊதுபத்தியும் இல்லை, உங்கள் மகன் பிடித்த புகைதான். திரும்பிப் பார்த்த பையன் சிகரெட்டைக் கீழே போட்டு, என்னைத் தாங்கிப் பிடித்து வண்டிப் படியில் உட்காரவைத்து, தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, "பேசாதீங்க மாமா, பேசாதீங்க. நானும் இப்பிடித்தான் ஆகிருவேனா மாமா" என்று கேட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பையில் இருந்த பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து, இனிமேல் தொட மாட்டேன், உங்கள் மேல் சத்தியம் என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார். ஆகவே இன்னொரு தடவை இருமினேன்.

நேரே மருந்துக்கடைக்குப் போய்ப் பானுப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது யாருக்கோ மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பாக்கெட்டை வாங்கி எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தது. பிறகு, "நீங்க இருமுறத நிறுத்தாதீங்கப்பா. ஆவணி வேணாம், தையில பாப்போம். அதுக்குள்ள அவருக்கு எப்படியின்னு தெரிஞ்சிரும்ல" என்றது.

ஆகவே தங்கச்சி சொன்னதே சரி, தைக்கே வைத்துக்கொள்வோம். எனக்கு உடம்பு சரியில்லை, ரொம்ப மோசம். எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், அதில் என் நெஞ்சு ஊருக்குக் காட்ட முடியாத அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். பையனை வைய வேண்டாம். அடுத்த தடவை தங்கச்சி வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவும், ஹார்லிக்ஸ் மறக்க வேண்டாம், நான் கட்டிலில் படுத்திருப்பேன். ஜீப்பு நிற்கிற இடத்தில் பிளக்சு காற்றில் கிழிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வண்டி தினமும் அந்த வழியாகத்தான் போகிறது என்பதால் கிங்ஸ்லியைப் பார்த்துப் புதிதாக ஒன்று அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதே படம், அதே விளக்கு, அதே புறா. மறைவு என்ற இடத்தில் மட்டும், தை கழித்து என்று போடச் சொல்லியிருக்கிறேன்.